பட்டை போட்ட பூனை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பிரகாசியம்மாள் டீச்சர். என் இளைய மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம், இரவல் வாங்கிய பித்தளை அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவர்கள் மடியில் ஒரு பூனை சுருண்டு கிடந்தது. அதன் காதுமடலைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். கேட்டபடியே சொல்கிறேன். கூடக்குறையச் சொன்னால் கடவுள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கடற்கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே, பனங்காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மடம் இருந்தது. சுற்றிலும் செங்கல் மதில். மடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மீன் தொட்ட கை மதிலைத் தாண்டக் கூடாது. மடத்தைக் கட்டியவர்கள் வைத்த சட்டம். நூறு வருஷமாக யாரும் மீறியதில்லை.

மடத்தில் இரண்டே பேர். குரு வேலாயுதச் சாமிக்கு நாற்பத்தைந்து வயசு. சீடர் மாசிலாமணி வாத்தியாருக்கு அறுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, வீட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மடத்தோடு வந்துவிட்டார். தன்னைவிட மூத்தவர் என்பதால் குரு அவரை "வாத்தியாரய்யா" என்றே கூப்பிடுவார்.

ஒரு வருஷம் மடத்தில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. எலி சுவடிகளைக் கொறித்துக் கரம்பியது. எரிகிற விளக்கிலிருந்து திரியை இழுத்துக்கொண்டு ஓடியது.

"ஒரு பூனை வளர்ப்போம், வாத்தியாரய்யா" என்றார் குரு.

"எதைப் பார்த்து எடுக்க வேண்டும், சாமி?"

"பூனையைப் பார்த்து எடுங்கள்."

வாத்தியார் சரி என்று தலையாட்டினார். இது என்ன பதில் என்று வழியெல்லாம் யோசித்தார்.

கடற்கரையில் செபஸ்தியாள் என்று ஒரு மீன்காரி. அவள் குடிசையில், கிழிந்த வலைக் குவியலுக்குள் நாலு குட்டி கிடந்தது.

"என்ன வாத்தியாரே, வழி தப்பி வந்துட்டீயளா? எம் மவனை நாலு தடவை பெயிலாக்குனது பத்தாதா?"

"பூனைக்குட்டி வேணும், செபஸ்தியா."

"எலி பிடிக்கவா? அப்ப அந்தக் கறுப்பனை எடுங்க. கண்ணு பளிச்சுன்னு இருக்கு, பீளை கிடையாது. காதுக்குள்ள அழுக்கு கிடையாது. கையைத் தட்டுனா ஓடாம நின்னு முறைக்கான் பாருங்க."

வாத்தியாரின் கண் கறுப்பன் மேல் போகவில்லை. மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெண்குட்டி படுத்திருந்தது. அதன் நெற்றியில் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி மூன்று வெள்ளைக் கோடு. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நெத்தியைப் பாரு! பிறக்கும்போதே பட்டை போட்டுக்கொண்டு பிறந்திருக்கு!"

"பட்டையா?" செபஸ்தியாள் சிரித்தாள். "அவுக அப்பனும் இப்படித்தான் நெத்தி நிறையப் போட்டிருப்பான். நேத்து எங் கருவாட்டைத் தூக்கிட்டு ஓடுனான்."

"இதுதான் வேணும்."

"அதுக்குப் பல்லே சரியா முளைக்கல. இன்னும் ஒரு மாசம் தாயோட கிடக்கட்டும்."

"நாளைக்குப் பிரதோஷம். நல்ல நாள்."

"சரி, மடத்துல அதுக்கு என்னத்தைக் கொடுப்பீய?"

"பால்சோறு. தயிர்சோறு. வெள்ளிக்கிழமை நெய்ப்பொங்கல்."

செபஸ்தியாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"வாத்தியாரே, அது பூனை."

அவர் அதற்குள் குட்டியைத் துண்டில் பொதிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

மடத்துக்கு வந்ததும் குரு கேட்டார். "எதைப் பார்த்து எடுத்தீர்கள்?"

வாத்தியார் குட்டியின் நெற்றியைக் காட்டினார். குரு குட்டியின் நெற்றியைப் பார்த்தார். வாத்தியார் நெற்றியிலிருந்த திருநீற்றுப் பட்டையையும் பார்த்தார்.

நீறம்மை என்று பேர் வைத்தார்கள். வாத்தியார் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தன் இலையில் முதல் கவளம் அவளுக்கு. ஒரு எலி குறுக்கே ஓடி அவள் பாய்ந்தால், ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வார். "கொலைப் பாவம், தாயே!" என்பார். பொழுது சாய்ந்ததும் நூல்கயிற்றில் கட்டிப் போடுவார். எலிகள் நெய்ப்பொங்கலைத் தின்று கொழுத்தன.

வருஷம் ஒன்று போயிற்று. நீறம்மையின் துள்ளல் அடங்கிற்று. சந்நிதிக்கு எதிரே வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, விளக்கைப் பார்த்தபடி, அசையாமல் இருந்தாள்.

ஒரு பிரதோஷத்தன்று கூட்டம் நிற்கையில் ஒரு எலி அவள் முகத்துக்கு நேரே ஓடிற்று. அவள் திரும்பக்கூட இல்லை.

கூட்டம் "சிவசிவா" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கியது. வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

அதற்குப் பிறகு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மாமிசம் தின்னாத பூனை, தியானம் பண்ணுகிற பூனை என்று பேராயிற்று. என்ன கொடுத்து வளர்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாத்தியார் பக்குவம் சொன்னார். தன் தவம்தான் பூனையாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை.

குரு அந்தச் சமயம் மூன்று மாதம் யாத்திரை போயிருந்தார். திரும்பி வந்த அன்று நீறம்மைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வாத்தியாரய்யா, இவள் கண் ஏன் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது?"

"ஞானக்கண், சாமி."

குரு ஒரு நந்தியாவட்டைப் பூவை எடுத்து அவள் கண்ணுக்கு முன்னால் கொண்டு போனார். இடமும் வலமும் ஆட்டினார். கண் இமைக்கவில்லை. பூவோடு போகவும் இல்லை.

"ஒரு கூடை எடுத்து வாருங்கள்" என்றார்.

டவுன் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடும் மாடும் காத்து நின்றன. டாக்டரம்மா நீறம்மையின் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள்.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?"

வாத்தியார் பெருமையோடு சொன்னார். பால்சோறு, தயிர்சோறு, நெய்ப்பொங்கல். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"ஐயா, உங்க மடத்துப் பசுவுக்கு மாமிசம் கொடுப்பீங்களா?"

"சிவசிவா! என்ன பேச்சு அம்மா இது?"

"பூனைக்கு வெறும் சோறும் அந்த மாதிரிதான். மாமிசத்துல ஒரு சத்து இருக்கு. அது கிடைக்காட்டி பூனைக்குக் கண்ணு போகும். அப்புறம் இருதயம் போகும். நாய்கூட ஒருமாதிரி தாங்கும். பூனை தாங்காது."

"அவள் தியானத்தில் உட்கார்ந்திருந்தாளே, அம்மா..."

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

"தியானமில்லைங்க ஐயா. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கா."

வாத்தியார் நீறம்மையின் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார்.

"பார்வை திரும்புமா?" என்று கேட்டது குரு.

"போனது போனதுதான். நிழலாட்டம் கொஞ்சம் மிச்சமிருக்கு. அதையும் உயிரையும் காப்பாத்தலாம். மருந்து தர்றேன். மருந்தை மட்டும் நம்பாதீங்க. மீனோ கோழியோ, இன்னைக்கே ஆரம்பிக்கணும். உப்பு, வெங்காயம் ஒண்ணும் போடாம வேகவச்சு, முள்ளெடுத்து, வெந்த தண்ணியோட கொடுங்க. சத்து அந்தத் தண்ணியிலதான் இறங்கும். பாலை நிறுத்திட்டு நல்ல தண்ணி வைங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாத்தியார் சொன்னார்.

"சாமி, செபஸ்தியாளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். மடத்தில் மீனுக்கு வழியில்லை."

குரு கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தார்.

செபஸ்தியாள் நீறம்மையைக் கூடையிலிருந்து எடுத்து மணலில் விட்டாள். நாலு காலும் மணலில் ஒட்டினாற்போல நீறம்மை பதுங்கினாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடிற்று. செபஸ்தியாள் குனிந்து தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"இங்க விட்டா ஒரு பொழுது தாங்காது சாமி. நாய் பிய்ச்சுப் போட்டுரும். மடத்து வாசலையும் முத்தத்தையுந்தான் இது காலாலயே படிச்சு வச்சிருக்கு. அங்கதான் இருக்கணும்." வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "மீனும் திங்கணும்."

"மதில்..." என்றார் வாத்தியார்.

குரு செபஸ்தியாளின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது, அம்மா?"

செபஸ்தியாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சாளை, சாமி."

"முள் எப்படி எடுப்பது? எனக்குச் சொல்லித் தாருங்கள்."

பிறந்ததிலிருந்து மாமிசம் அறியாத அந்தக் கை மீனுக்குள் போவதை வாத்தியார் பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். இமை மூடவில்லை.

ஓலைப்பெட்டியில் மீனோடு மடத்து வாசலுக்கு வந்த குரு, மதிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றுவிட்டார்.

"என் பாயைக் கொண்டுவந்து இங்கே போடுங்கள். மூன்று செங்கல்லும் ஒரு சட்டியும் வேண்டும்."

"சாமி, குளித்துவிட்டு உள்ளே வந்துவிடலாமே?"

"குளித்தால் தொடாத கையாகிவிடுமா? சட்டம் சட்டம்தான். பூசை இனி உங்கள் பொறுப்பு."

"நீறம்மை?"

"அவள் உள்ளே இருப்பாள், வெளியே வந்து தின்பாள். சட்டம் கைக்குத்தானே? அவளுக்கு நான்கும் கால்."

"எத்தனை நாளைக்கு, சாமி?"

"பூனை எத்தனை வருஷம் வாழும் என்று டாக்டரம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேனே" என்றார் குரு. அடுப்பு மூட்ட உட்கார்ந்தார்.

மீன் வெந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வாசற்படிக்கு உள்ளே நின்றார். முற்றத்தில் கிடந்த நீறம்மை தலையைத் தூக்கினாள். மூக்கு காற்றைத் தேடியது. எழுந்தாள். ஒவ்வொரு காலாகத் தரையைத் தொட்டுத் தொட்டு, வாத்தியாரின் காலோரமாக உரசிக்கொண்டு படியைத் தாண்டிப் போனாள்.

சட்டியருகே போனதும் ஒரு குரல் எழுப்பினாள். ஒன்றரை வருஷத்தில் அவளிடம் அவர் கேட்டிராத குரல். ஆழத்திலிருந்து வந்தது. அவளைப் படைத்தவன் அவளுக்கு மட்டும் என்று கொடுத்த குரல். தின்றுகொண்டே பாடினாள் அவள். வாத்தியாரின் கைகள் தாமாகவே குவிந்தன. எதைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவர் படிக்கு வந்து அழுதார்.

"தப்புச் செய்தவன் நான். வெளியே கிடப்பது நீங்களா, சாமி?"

"நெற்றியைப் பார்த்துப் பூனையை எடுத்தவர் நீங்கள்" என்றார் குரு. "நெற்றியைப் பார்த்து உங்களைச் சேர்த்துக்கொண்டவன் நான்."

அடுத்த பிரதோஷம் வந்தது. கூட்டமும் வந்தது. மரத்தடியில் மடத்துச் சாமி மீன் ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். பக்கத்தில் கூடையோடு செபஸ்தியாள். சிலர் மூக்கைப் பொத்தினார்கள். சிலர், "சாமிக்குச் சித்தம் கலங்கிட்டுது, பாவம்" என்றார்கள். "நல்லவேளை, வாத்தியாரய்யா இருக்காக" என்றார்கள்.

அது வாத்தியார் காதில் விழுந்தது. அவர் தீபத்தட்டோடு நின்றார். நீறம்மை சந்நிதிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு திருநீறு கொடுத்தால் போதும். மடமும் பேரும் அவருக்கு.

டவுனிலிருந்து கோமதியம்மாள் என்று ஒரு பெரிய வீட்டம்மாள் வந்திருந்தாள். தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூரிப்போடு சொன்னாள்.

"அய்யா, நீங்க சொன்ன பக்குவந்தான். அஞ்சாறு மாசமா எங்க பூனைக்கும் தயிர்சாதம் தவிர ஒண்ணும் கிடையாது. வீட்டை விட்டு இறங்கவும் விடுறதில்லை. போன வாரத்துலேருந்து அதுவும் தியானத்துல உட்கார ஆரம்பிச்சிட்டுது! பூசையறை மூலையை விட்டு அசைய மாட்டேங்குது!"

தட்டில் தீபம் ஆடிற்று. வாத்தியார் தட்டைக் கீழே வைத்தார்.

"அம்மா, அது தியானமில்லை. அதற்கு வழி தெரியவில்லை."

"என்னய்யா சொல்றீய?"

"கண் போகிறது. நாளை விடிந்ததும் டாக்டரிடம் கொண்டு போங்கள். இன்றைக்கே மீன் கொடுங்கள்."

"மீனா? எங்க வீட்டுல முட்டைகூட நுழையாதே!"

"நுழையாது என்றால், நுழைகிற வீடு பார்த்து அதைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஆசையாக இருந்தால் முயல் வளருங்கள். பசு வளருங்கள். பூனையை வைத்துக்கொண்டு அது பூனையில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்."

"நீங்கதானே அய்யா சொன்னீய?" அம்மாளின் குரல் உடைந்தது.

"நான்தான் சொன்னேன்." எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "என்னை நம்பி வேறு யாராவது செய்திருந்தால் அவர்களும் கேளுங்கள். என் பூனைக்குக் கண் இல்லை. நான் கெடுத்தேன்."

கோமதியம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

வாத்தியார் முற்றத்தைக் கடந்து நடந்தார். படியில் ஒரு கணம் நின்றார். இறங்கினார்.

"வாங்க வாத்தியாரே" என்றாள் செபஸ்தியாள். "இன்னைக்குப் பாடம் நான் எடுக்கேன். கை நடுங்குனா பெயிலாக்கிருவேன்."

எடுத்த மீன் அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது. அவள் எடுத்துக் கழுவித் திரும்பவும் கையில் வைத்தாள். "வாலுப் பக்கம் பிடிங்க. பயப்படாதீங்க, கடிக்காது." அறுபது வருஷத்துக்கு மேலாக ஏடும் பூவும் மட்டுமே தொட்ட விரலில் ரத்தம் ஒட்டியது. முழங்கை வரை செதில் ஒட்டி மினுமினுத்தது. குரு அடுப்புக்கு ஊதிக் கொடுத்தார். வெந்ததும் வாத்தியார் ஒவ்வொரு முள்ளாகத் தடவி எடுத்தார். சூடு ஆறியதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

உள்ளேயிருந்து நீறம்மை வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. கல் கல்லாகக் காலால் தடவிக்கொண்டு படி இறங்கினாள். குருவிடம் போகவில்லை. சட்டியிடமும் போகவில்லை. நேரே வாத்தியாரிடம் வந்தாள். அவர் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துத் தின்றாள். தின்று முடித்ததும் அந்தக் கையை நக்கத் தொடங்கினாள். விரல் விரலாக, விரலிடுக்கு விடாமல், நகக்கண் விடாமல். சொரசொரத்த நாக்கு. அவளுடைய பாட்டு அவர் எலும்பு வழியாக ஏறி நெஞ்சுக்குள் கேட்டது. நிழல் மட்டுமே காணும் அந்தக் கண்கள் அவர் முகத்தை நோக்கி நிமிர்ந்தன. அவற்றில் மேற்கு வானம் முழுக்க இருந்தது.

மதிலுக்குள் நின்ற கூட்டத்தில் எத்தனையோ பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெகு நேரம் கழித்து வாத்தியார் கேட்டார்.

"சாமி, இந்தக் கையோடு இனி நான் சுவாமியைத் தொடலாமா?"

குரு அடுப்பை அவித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அவள் நக்கி முடிக்கட்டும். அப்புறம் கேளுங்கள்."

நீறம்மை நக்கிக்கொண்டே இருந்தாள். வாத்தியார் திரும்பக் கேட்கவே இல்லை.

இவ்வளவுதான் கதை. கேட்ட உங்களிடம் எனக்கு ஒரு சின்ன விண்ணப்பம். உங்கள் வீட்டில் ஒரு பூனையோ நாயோ இருந்தால், நாளைக் காலை வெளிச்சத்தில் அதைத் தூக்கி, அதன் கண்ணை ஒருதரம் பாருங்கள்.